பேசும் ரோபோவும் பிள்ளையின் மொழியும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன்னால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பல வீடுகளில் ரோபோ வாங்கும் பேச்சே எழுகிறது. வாங்கியதும் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவதுதான் பெரிய தவறு.

நெதர்லாந்தில் ஐந்து வயதை ஒட்டிய 194 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 58 செ.மீ. உயர நாவோ ரோபோ, ஏழு பாடங்களில் 34 ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தந்தது. பிள்ளைகள் கற்கத்தான் செய்தார்கள். ஆனால் ரோபோ இல்லாமல் டேப்லெட்டில் மட்டும் படித்தவர்களும் அதே அளவு கற்றார்கள். சொல்லின் பொருளை ரோபோ கையசைத்துக் காட்டியதால்கூட கூடுதல் பலன் இல்லை. 2019-இல் வெளியான இந்த முடிவு விளம்பரங்களில் வராது.

ஆகவே ஒரு தடவைக்கு ஐந்தாறு சொல், பத்து நிமிடம் போதும். பக்கத்தில் இருங்கள். பிறகு ரோபோவை அணைத்துவிட்டு, அதே சொற்களை வீட்டுச் சாமானோடு சேர்த்துப் பேசுங்கள். திருப்பிச் சொன்னாலே கற்றுவிட்டான் என்று நம்பிவிடாதீர்கள். மறுநாள் கரண்டி, தம்ளர், சீப்பு மூன்றையும் தரையில் வைத்து, ‘ஸ்பூன் எடு’ என்று சொல்லிப் பாருங்கள். சரியாக எடுத்தால்தான் கணக்கு.

‘ஆச்சி வாராவ’ என்று பிள்ளை சொல்வது ரோபோவுக்குப் புரியாமல் போகலாம். சின்னப் பிள்ளைகளின் குரல் கீச்சென்றிருக்கும், உச்சரிப்பும் இன்னும் நிலைப்பட்டிருக்காது. இந்தக் கருவிகளோ பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியவை. குறை கருவியிடம் இருக்க, ‘ஒழுங்காப் பேசுலே’ என்று பிள்ளையை அதட்டுவது அநியாயம். அதற்காக ஆச்சியோடு பேசும் தமிழைக் குறைப்பது அதைவிட மோசம். கதை கேட்பதும் கேள்வி கேட்பதும் அங்கேதான் பழகுகிறது.

வாங்குமுன் கடையிலேயே பிள்ளையைப் பத்துச் சொல் சொல்ல வையுங்கள். அதில் மூன்று நான்கை ரோபோ தப்பாகப் புரிந்துகொண்டால் வேண்டாம். வைஃபையை நிறுத்திவிட்டு எது ஓடுகிறது என்றும் பாருங்கள். நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் பொம்மை, நிறுவனம் மூடினால் ஊமையாகிவிடும். 2024 டிசம்பரில், பிள்ளைகளோடு பேசும் மோக்ஸி ரோபோவை விற்ற நிறுவனம் மூடுவதாக அறிவித்தபோது வாங்கியவர்களுக்கு வந்த கவலை அதுதான். மைக் இன்னொரு வம்பு: வீட்டுப் பேச்சு வெளியே போகக்கூடும் என்பதாலேயே 2017-இல் ஜெர்மனி ‘கைலா’ என்ற பேசும் பொம்மையைத் தடைசெய்தது. பேச்சுப் பதிவை அழிக்கும் வசதி செயலியில் இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.