ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் சூடான பிறகு பாருங்கள்

ஏழு வருடத்துக்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கார் கடையில் ரோட்டரி இன்ஜின் கொண்ட வெள்ளை நிற மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றைப் பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். சாவியைத் திருகியவுடன் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, சத்தம் மழமழவென்று இருந்தது. பக்கத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்பணம் கட்டினேன். இரண்டு வாரம் கழித்துக் காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பா ஓய்வுத்தலத்தில் நிறுத்தி, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறிய பிறகுதான் கிளம்பியது. அடுத்த வாரம் சோதித்துப் பார்த்ததில் இன்ஜினுக்குள் சுழலும் இரண்டு ரோட்டாரில் பின்னால் உள்ளது போய்விட்டது என்று தெரிந்தது. கடைக்காரர், "நீங்கள் எடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது" என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியதால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரோட்டரி கார் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: குளிர்ந்த இன்ஜினைப் பார்த்து முடிவு செய்வது. காரணம் புரிந்தால் இந்தத் தவறை யாரும் செய்ய மாட்டார்கள். இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார் இரண்டு, முட்டை போன்ற அறைக்குள் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று முனையிலும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். அதுதான் அபெக்ஸ் சீல். அது தேய்ந்தால் அழுத்தம் கசிந்துவிடும். காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளியை அதுவே அடைத்துவிடுகிறது. சூடானால் எண்ணெய் இளகும், ஸ்டார்ட்டரும் மெதுவாகச் சுற்றும், அப்போது தேய்மானம் வெளியே வந்துவிடும்.

ஆகவே பார்க்கப் போகும்போது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை நெரிசலில் கொஞ்சம் நின்று நின்று போனாலும் நல்லதுதான். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். திரும்பத் திருகினால் ஓரிரு விநாடியில் பிடிக்க வேண்டும். "பேட்டரி வீக் அண்ணே, அதான்" என்று விற்பவர் சொன்னால் நல்ல பேட்டரி போட்டு வைக்கச் சொல்லுங்கள், இன்னொரு நாள் வாருங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே கார் சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் சூடான ஸ்டார்ட்தான்.

அதில் தேறினால் அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது அறைக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளப்பது. இங்கேதான் பலர் பணம் கட்டியும் ஏமாறுகிறார்கள். தெருமுனைப் பட்டறையில் இருக்கும் சாதாரண கேஜ், வரும் அழுத்தத்தில் மிக உயர்ந்ததைப் பிடித்து வைத்துக் காட்டும். ஒரு ரோட்டாருக்கு மூன்று அறை. இரண்டு செத்து ஒன்று உயிரோடு இருந்தாலும் அந்த கேஜ் நல்ல எண்ணைத்தான் காட்டும். ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டர் வேண்டும். அது ஒரு ரோட்டாருக்கு மூன்று எண், மொத்தம் ஆறு எண் கொடுக்கும். சோதனை நடக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தையும் குறித்து, நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு ஏற்றபடி எண்களைத் திருத்த வேண்டும். ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா தரும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ, குறைந்தபட்சம் 6.9. ஒரே ரோட்டாரின் அறைகளுக்குள் 1.5க்கு மேலும், இரண்டு ரோட்டாருக்கு இடையே 1.0க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. 6.9ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் காரை "பாஸ்" என்று சொல்வார்கள். நான் அதை இன்ஜின் போன கார் என்றே கணக்குப் போட்டு விலை பேசுவேன். டெஸ்ட் எடுக்க விடாத விற்பனையாளரிடம் நேரம் செலவழிக்காதீர்கள்.

"எண்ணெயே குடிக்காது" என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ரோட்டரி எண்ணெய் குடிக்கத்தான் வேண்டும். அபெக்ஸ் சீல் வறண்டு போகாமல் இருக்க, ஒரு சிறு பம்ப் எண்ணெயை அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. எண்ணெய் குறையவே இல்லை என்றால் அந்த பம்ப் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பேன் என்று சொல்லும் உரிமையாளர்தான் நம்பத்தக்கவர். அதேபோல "நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்கியதே இல்லை" என்பதும் பெருமை இல்லை. இது முறுக்கி ஓட்ட வேண்டிய இன்ஜின், மெதுவாகவே ஓட்டினால் உள்ளே கரி படியும். ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றினால்தான் ரோட்டார் ஒரு சுற்று. ஷாஃப்ட்டின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் 9,000 காட்டும்போது ரோட்டார் சுற்றுவது 3,000 தான். பயப்படத் தேவையில்லை.

பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலை யாரும் கவனிப்பதில்லை. காயில் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், அது உருகி அடைத்துக்கொள்ளும், புகை வெளியேற வழியில்லாமல் சூடு இன்ஜினுக்கே திரும்பும். மலிவான ஒரு பாகத்தில் தொடங்கி சீல் வரை போகும் சங்கிலி இது. காயிலும் பிளக்கும் கடைசியாக எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சூடு முள்ளையும் நம்ப வேண்டாம். இன்ஜின் கொதிக்கும் நிலைக்கு வரும்வரை அது நடுவிலேயே நிற்கும். காரின் கணினியில் செருகி அளவுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் உண்மையான டிகிரியைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் இது முக்கியம்.

மாஸ்டாவின் இன்னொரு ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7இன் எஃப்டி மாடலா, ஆர்எக்ஸ்-8ஆ என்று கேட்கும் தம்பிகள் அதிகம். எஃப்டியின் அழகுக்கு நானும் அடிமைதான். ஆனால் முதல் ரோட்டரியாக அதை வாங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இரண்டு டர்போ, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்க அடர்ந்த வேக்குவம் குழாய்கள். அந்த ரப்பர் எல்லாம் இன்றைக்குக் குறைந்தது இருபது வருடப் பழசு. யாரோ செய்த டியூனிங்கோடு பூஸ்ட் ஏற்றி ஓட்டும்போது ஒரு முறை நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வந்தாலே சீல் உடையலாம். ஆர்எக்ஸ்-8இல் டர்போ இல்லை, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி, பின் சீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைக்கலாம். கோன் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸில் குதிரைச்சக்தியைவிட அந்தச் சமநிலைதான் உதவும். ஆறு கியர் மேனுவலையே தேடுங்கள். முறுக்குவிசையின் உச்சமே 5,500இல்தான் வருகிறது, அதனால் இரண்டாவது கியரில் முள்ளை மேலேயே வைத்து ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் சுற்றின் எல்லை 7,500இலேயே முடிந்துவிடும்.

காரின் உரிமைப் பத்திரமான கெரானையும் படியுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தில் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்ப்பார்கள். ஹாஃப் கட் இன்ஜின் (வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் இன்ஜின்) மாற்றி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருந்தால் அந்தத் தலைவலி உங்களுடையதாகிவிடும். அப்புறம், கையில் இருப்பதை எல்லாம் கார் விலைக்கே கொட்டிவிடாதீர்கள். ரோட்டரி தெரிந்த மெக்கானிக்கை முதலில் தேடி, இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ரீபில்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் காரைத் தேடுங்கள்.

வாங்கிய பிறகு முதல் ஆட்டோகிராஸ் நாளிலேயே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. வரிசையில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, அணைப்பது, திரும்ப அதேபோல். குளிர்ந்த ரோட்டரியை இப்படிச் செய்தால் பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும், பிறகு கிளம்பாது. அப்படி நேர்ந்தால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பெட்ரோல் வரத்து நின்று உள்ளே இருப்பது வெளியேறும். வராமலே தடுக்க வேண்டுமென்றால், நகர்த்த வேண்டிய நேரத்தில் நியூட்ரலில் போட்டு நண்பரோடு சேர்ந்து தள்ளுங்கள். ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை அணைக்காதீர்கள்.