டிவி கேம் பாட்டை அந்தப் பழைய நடையிலேயே பதிவு செய்ய

1985-இல் வந்த சூப்பர் மாரியோவின் பாட்டை இன்று யூடியூபில் கேட்டால், சென்னை வண்ணாரப்பேட்டையில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது அவசரமாக ஓடுவதுபோல் தெரியும். ஞாபகம் தப்பவில்லை. ஜப்பான், அமெரிக்க கேம் மெஷின்கள் டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம். பாட்டும் ஃபிரேம் கணக்கில்தான் நகரும். பர்மா பஜாரில் விற்ற நகல் கேம் பெட்டிகள் பெரும்பாலும் நம்மூர் டிவியின் பால் (PAL) முறைக்காக 50 ஃபிரேமில் ஓடியவை. அதனால் பாட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். சுருதி கிட்டத்தட்ட அதே. அந்த நடை வேண்டுமென்றால் பழைய பெட்டியிலிருந்தே எடுப்பதுதான் உத்தமம்.

முதலில் கேம் கேசட். ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் அதன் பின்கள் (பெட்டியில் சொருகும் உலோகப் பட்டைகள்) பச்சை பூத்திருக்கும். பக்கத்துக்கு 30, மொத்தம் 60 பின். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால், அழுக்கு வராமல் நிற்கும்வரை துடையுங்கள். விடாப்பிடிக் கறைக்கு வெள்ளை ரப்பர். 10 நிமிடம் காயட்டும். வாயால் ஊதவே வேண்டாம், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். அன்று ஊதியதும் கேம் ஓடியதற்குக் காரணம், கழற்றி மறுபடி சொருகியதில் பின் சரியாக உட்கார்ந்ததுதான்.

அடாப்டரின் வோல்ட்டும் ப்ளஸ்-மைனஸும் பெட்டியின் அடியில் அச்சிட்டதோடு பொருந்த வேண்டும். ஏவி வயரில் மஞ்சள் டிவிக்கு. ஆடியோ வயர், லைன்-இன் சாக்கெட் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்கு. மைக் சாக்கெட்டில் கொடுத்தால் கரகரவென்று உடையும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 44100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியின் ஒலி சிப்பில் இருப்பது ஐந்தே சேனல், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து ஒலிதான். கேம் சத்தத்துக்குத் தனி இடம் கிடையாது. காசு எடுத்தால் அந்த 'டிங்' மெட்டு ஓடும் சேனலையே பிடுங்கிக்கொள்ளும். குதித்தால் துணைச்சுரம் அறுபடும். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் (pause) போட்டால் பாட்டே நின்றுவிடும். ஆகவே முதல் லெவல் தொடங்கிய இடத்திலேயே கை வைக்காமல் நில்லுங்கள், எதிரி எதுவும் அங்கே வராது. டைம் 400-இலிருந்து 100-க்குக் கீழே இறங்கியதும் பாட்டு வேகமெடுக்கும். அதற்குள் 50 ஃபிரேம் பெட்டியில் ஏறக்குறைய 2 நிமிடம் 20 நொடி சுத்தமான இசை கிடைக்கும். கோஜி கொண்டோ அமைத்த அந்த மெட்டு முழுச்சுற்று வர அது தாராளம்.

பெட்டி இல்லையா? பழைய கேம் மெஷினைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து ஓட்டும் மெசென் (Mesen) எமுலேட்டரில், ரீஜியனை டெண்டி (Dendy, 50 ஃபிரேம் நகல் பெட்டி முறை) என்று மாற்றுங்கள். கையில் 60 ஃபிரேம் பதிவு இருந்தால் ஆடாசிட்டியில் டெம்போவை மட்டும் 16.67 சதவீதம் குறையுங்கள். ஸ்பீடைக் குறைத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும்.