"ஆயிரம் கண்கள் பார்க்கின்றன" என்று சொல்வதற்கு முன்

கட்டற்ற மென்பொருளுக்காக, அதாவது நிரலர்கள் எழுதிய மூலநிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் விடும் மென்பொருளுக்காக, பல வருடமாக வாதாடி வருகிறேன். அதனால்தான் நம் ஆட்களே சொத்தை வாதங்களை எடுத்து வைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடிக்கடி கேட்பது இது: "மூலநிரல் திறந்திருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது." போதுமான கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் பிடிபட்டுவிடும் என்ற நிரலர் எரிக் ரேமண்டின் கருத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அதிலுள்ள 'போதுமான' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது வேறு, யாரோ உட்கார்ந்து படித்தார்கள் என்பது வேறு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் ஹார்ட்பிளீட் பிழை 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு வந்தது. 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. உலகமே நம்பியிருந்த அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. தட்டச்சிடும் கட்டளைகளை இயக்கும் பேஷ் ஷெல் என்ற நிரலில் இருந்த ஷெல்ஷாக் பிழை வெளிப்பட ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆயின.

சரி, 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் ஒளித்து வைத்த கள்ளக்கதவு (ரகசிய நுழைவழி) பிடிபட்டதே, அது வெற்றிதானே என்பார்கள். நிரலைப் படித்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால் சிக்கியது. அதைத் தூண்டிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் சேமிப்பிடமான கிட் களஞ்சியத்திலேயே இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. மூலநிரல் கையில் இருந்ததால் அவரால் வேர்வரை போக முடிந்தது என்பது உண்மை; அதை உரக்கச் சொல்லலாம். ஆனால் பிழை சிக்கினால் "பார்த்தாயா, கண்கள் வேலை செய்கின்றன", சிக்காவிட்டால் "பிழையே இல்லை" என்று இரண்டு பக்கமும் நாமே ஜெயித்துக்கொள்வது வாதமே அல்ல. இதுவரை சிக்காதவை எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. ஹார்ட்பிளீட் ஒன்றைக் காட்டித் திறந்த நிரலே ஆபத்து என்பதும் இதே தவறுதான். மூடிய நிரலின் பிழைகளை நாம் எண்ணவே முடியாதே.

அப்புறம், 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன என்பதைச் சொல்லி, மளிகைக்கடைக் கணக்குக்கும் அதுவே சிறந்தது என்று முடிப்பது. கடைக்காரருக்குத் தேவை அவருடைய பில் பிரிண்டர் வேலை செய்வது. இலவசம், ஆகவே செலவே இல்லை என்பதும் அப்படித்தான். பழகவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது கடைசி ஒன்று. குறை சொன்னவரிடம் "நிரல் திறந்துதானே இருக்கிறது, நீங்களே திருத்தி அனுப்புங்கள்" என்பது. பிடிஎஃப்பில் தமிழ் எழுத்து உடைகிறது என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அவருக்கு சி++ நிரல்மொழி தெரியுமா தெரியாதா என்பதற்கும் எழுத்து உடைவதற்கும் என்ன தொடர்பு? உடைந்த அந்தச் சொல்லையும் எழுத்துருவின் பெயரையும் அவரிடம் கேட்டு வாங்கி, பிழையறிக்கையை நாமே பதிந்து தரலாம்.