முள் ஏறுமுன்னே கியரைக் குறையுங்கள்

செங்கலடியில் சிறுபோக நெல் ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் போகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். கரடியனாறு, பெரிய புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று ஹசலக வரைக்கும் லொறி பேசாமல் ஓடும். அதற்கு அப்பால் பதினெட்டு வளைவு. பின்னால் 150 மூடை, மூடைக்கு 65 கிலோ என்றால் பத்துத் தொன்னுக்குக் கிட்ட. வெளியே கச்சான் காற்றின் வெக்கை. எஞ்சினைக் காப்பாற்றுவதும் கொல்லுவதும் அந்த ஏற்றத்தில் உங்கள் இடது கைதான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வெப்ப முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை மட்டும்தான். நெருப்பு எரிகிற இடத்தில் சூடு ஏறி, அது இரும்புக்குள் இறங்கி, தண்ணீருக்கு வந்து, அப்புறம்தான் முள் அசையும். அதனால் முள் சொல்வது எப்போதும் பிந்திய செய்தி. பாரத்தோடு ஏறும்போது புகைக்குழாய்ப் பக்கம் 600, 700 பாகை செல்சியஸ் வரை போகும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். கீழிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் பிஸ்டன் தப்புகிறது.

பெற்றோல் எஞ்சினில் காற்றுக்குப் பெற்றோல் குறைந்தால் சூடு கூடும். டீசலில் நேர்மாறு: காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால்தான் சூடு. நாலாம் கியரில் லொறி முனகிக்கொண்டு ஏற, நீங்கள் எக்ஸிலேற்றரைத் தரையோடு அமுக்கி வைத்திருந்தால் நடப்பது அதுதான். சுற்று குறைவு, டர்போ தரும் காற்றும் குறைவு, டீசல் மட்டும் நிறைய. கண்ணாடியில் பாருங்கள், கரும்புகை தெரியும். அதோடு வாட்டர் பம்பும் பேனும் மெதுவாகச் சுற்றும். சூடு கூடுகிற நேரத்தில் அதை ஆற்றுவதும் குறைகிறது.

அதனால் வளைவுக்குள் நுழையுமுன்னே கியரைக் குறையுங்கள். எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 1,800, 2,000 அளவில் வைத்து, எக்ஸிலேற்றர் பாதியில் நிற்க ஏறுங்கள். சத்தம் கூடக் கேட்கும், டீசல் வீணாகிறது என்று மனம் சொல்லும். முனக விட்டு ஏறுவதைவிட அது எஞ்சினுக்கு நல்லது. பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், இடம் கண்டு வழி விடுங்கள்.

இனி, வீட்டில் வைத்தே பார்க்க வேண்டியவை. சூடடிப்புக் காலத்தில் எங்கள் றோட்டு முழுக்கத் தூசும் பதரும்தான். எல்லாம் ரேடியேட்டருக்கும், டர்போக் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்கும் இடையில் போய் அடைத்துக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இரவில் பேன் பக்கமிருந்து டோர்ச் அடியுங்கள், கிளீனர் முன்னால் குனிந்து பார்க்கட்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் தட்டிகளுக்கிடையில் வெளிச்சம் கோடு கோடாக வர வேண்டும். இருட்டாகத் தெரிகிற இடமெல்லாம் காற்றுப் போகாத இடம். போன வருடம் என் லொறியில் கீழ்ப்பாதி முழுக்க இருட்டு. விரல் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய பதர் தோசை மாதிரிக் கழன்று வந்தது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள், மெதுவான தண்ணீரில். பிரஷர் வோஷரைக் கிட்ட வைத்து அடித்தால் தட்டி மடிந்துவிடும்.

தண்ணீர் விடயத்தில் கடற்கரை ஊர்க்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிய வைக்கிற உவர்க் கிணற்றுத் தண்ணீர், ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அப்படியே படியும். கலந்து வருகிற கூலன்டை ஊற்றுங்கள். அவசரத்துக்குப் பெற்றரித் தண்ணீர் ஒரு கலன் கொண்டு போங்கள். பேன் பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கலாம், அதற்கு மேல் தொய்யக் கூடாது. பிசின் கிளச் (சூடானால் பேனை இறுக்கிப் பிடிக்கிற விஸ்கஸ் கிளச்) உள்ள பேன் என்றால், சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். பம்பரம் மாதிரிச் சுற்றினால் கிளச் போய்விட்டது.

ஏற்றத்தில் முள் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டுங்கள். முடிந்தால் காற்றுக்கு எதிரே லொறியின் முகத்தை வைத்து நிறுத்துங்கள், கச்சானே பாதி வேலையைச் செய்யும். தண்ணீர் இருக்கிறது, ஒழுக்கு இல்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் 1,000, 1,200 சுற்றில் ஓட விடுங்கள். பம்பும் பேனும் சுற்றிக்கொண்டே சூட்டை வெளியேற்றும். ஹோஸ் வெடித்தாலோ தண்ணீர் கொட்டினாலோ அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. ஒன்பதாவது வளைவில் முள் சிவப்புக்குக் கிட்டப் போய், பிறகு சட்டென்று இறங்கியது. ஆறிவிட்டது என்று மேலே ஓட்டினேன். உண்மையில் கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. சென்சர் வெறும் ஆவிக்குள் நின்றதால் முள் விழுந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, நெல்லை வேறு லொறிக்கு மாற்றி, இரண்டு கிழமை கராஜில் கிடந்தேன். ஆகவே ஏற்றத்தில் முள் காரணமில்லாமல் இறங்கினால், ஏறியதைவிட அதற்குத்தான் பயப்படுங்கள்.

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. 0.9 பார் மூடி இறுக்கமாக இருக்கும்வரை தண்ணீர் 119 பாகைக்குக் கிட்டப் போனால்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், 105 பாகையில் நின்ற தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். மேல் ஹோஸ் கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்து, அமுக்கினால் மெத்தென்று இருந்த பிறகு, ஈரச் சாக்கைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்புங்கள். தண்ணீரை எஞ்சின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

மேலே உடதும்பரவில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். டர்போ நெருப்பாக இருக்கும். எண்ணெய் ஓட்டம் நின்றால், உள்ளே நிற்கிற எண்ணெய் டர்போவின் பெயாரிங்குக்குள் கரியாகிவிடும். மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். அதற்குள் கிளீனர் இறங்கி ஹோஸ் கிளிப் நாலையும் பார்த்துவிடலாம்.