நடப்பு விவகாரம் படிக்கிறவர்களே, கையெழுத்தான தேதியோடு நிறுத்திவிடாதீர்கள்

பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலைத் தேர்வுக்கான பொது அறிவு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தங்கச்சி தன் நோட்டைக் காட்டினாள். மஞ்சள் கோடு, நீலக் கோடு, முத்து முத்தான கையெழுத்து. வாணிபம் என்ற தலைப்பின் கீழ் 'ஆர்.சி.இ.பி. – 2020' என்று ஒரே வரி. ஆர்.சி.இ.பி. என்பது நம் மலேசியாவும் சேர்ந்த 15 நாடுகளின் வட்டார வாணிப ஒப்பந்தம். என் பழைய நோட்டிலும் இதே வரி இப்படியேதான் இருந்தது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பத்திரிகை படிக்காதது, கடைசி வாரத்தில் புத்தகத்தைத் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்பந்தத்துக்கு ஒரே ஒரு தேதி

இந்தத் தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். 2022 கடைசியில் ஒரு நேர்முகத் தேர்வு, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஆர்.சி.இ.பி. எப்போதிலிருந்து என்று நடுவில் இருந்தவர் மலாயில் கேட்டார். 2020 என்று டக்கென்று சொன்னேன். அப்படியென்றால் 2021-இல் ஜப்பானுக்குச் சரக்கு அனுப்பிய பினாங்கு வியாபாரி அந்த ஒப்பந்தத்தின் வரிச்சலுகையைக் கேட்டிருக்கலாமா என்றார். கேட்டிருக்கலாம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வியாபாரி கேட்டிருக்கவே முடியாது. 2020 நவம்பர் 15-இல் 15 நாடுகள் கையெழுத்துதான் போட்டன. கையெழுத்து போட்ட பிறகு ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் திருத்தி, ஒப்புதல் பத்திரத்தை ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) செயலகத்தில் ஒப்படைக்க வேண்டும், குறைந்தது 6 ஆசியான் நாடுகளும் 3 மற்ற நாடுகளும் ஒப்படைத்து 60 நாள் கழித்துத்தான் ஒப்பந்தம் உயிர் பெறும் என்பது விதி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2021 நவம்பர் 2-இல் ஒப்படைத்த பிறகுதான் அந்தக் கணக்கு நிறைந்து, 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நமக்கு இல்லை. மலேசியாவுக்கு 2022 மார்ச் 18. இப்படி ஒரே ஒப்பந்தத்துக்கு மூன்று தேதி, நான் தெரிந்து வைத்திருந்தது முதல் தேதியை மட்டும்.

பசிபிக் வட்டார நாடுகளின் வாணிப ஒப்பந்தமான சி.பி.டி.பி.பி.-யும் அப்படித்தான். 2018 மார்ச்சில் சிலி நாட்டின் சந்தியாகோவில் கையெழுத்து, அதே ஆண்டு டிசம்பர் 30-இல் முதல் ஆறு நாடுகளுக்கு அமல், நமக்கு 2022 நவம்பர் 29.

சுற்றுச்சூழலில் இந்தத் தவறு இன்னும் மோசமாகக் கடிக்கும். ஆசியான் எல்லை தாண்டிய புகைமூட்ட ஒப்பந்தம் நம் கோலாலம்பூரில்தான் 2002 ஜூன் 10-இல் கையெழுத்தானது, 2003-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்களே, அன்றைக்கு இந்தோனேசியா அதற்கு ஒப்புதலே தந்திருக்கவில்லை. அவர்களுடைய நாடாளுமன்றம் ஏற்றது 2014 செப்டம்பரில். 2002 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிற பிள்ளைக்கு, ஒப்பந்தம் இருந்தும் புகை ஏன் நிற்கவில்லை என்று கட்டுரையில் கேட்டால் எழுத ஒன்றுமே இருக்காது.

அந்தத் தங்கச்சியின் நோட்டில் அங்கேயே நான்கு கட்டம் போட்டோம்: பெயர், கையெழுத்து, அமல், நமக்கு. பாரிஸ் ஒப்பந்தத்தை அவளே நிரப்பினாள், ஏற்றது 2015 டிசம்பர் 12, அமல் 2016 நவம்பர் 4. அப்புறம் நிமிர்ந்து, "அக்கா, இதில் ஏற்றது வேறு, கையெழுத்து வேறா?" என்றாள். வேறுதான், கையெழுத்து 2016 ஏப்ரல் 22-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஐந்தாவது கட்டம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் காணொளியை அப்படியே படிப்பது

தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வான டி.என்.பி.எஸ்.சி.-க்கான காணொளிகளில் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே ஆர்.சி.இ.பி. என்றால் 2019 நவம்பரில் இந்தியா ஏன் விலகியது என்பதுதான் பாடம். நாம் உள்ளே இருக்கிற நாடு, நமக்கு வரும் கேள்வி வேறு. எண்களும் லட்சம், கோடியில் வரும். 1 பில்லியன் என்றால் 100 கோடி, இதைக் கைப்பட எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

13 விழுக்காடு

'உலக சிப்பில் 13 விழுக்காடு மலேசியாவில் தயாராகிறது.' இந்த வரியை எத்தனை கட்டுரையில் திருத்தியிருப்பேன்! அந்த 13 உலகின் சிப் பொருத்துதல், சோதனை, பொதியிடல் வேலையில் நம் பங்கு என்று சொல்லப்படும் கணக்கு. பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து சுதந்திர வாணிப வட்டாரம் இருக்கிறது, உங்கள் வீட்டிலேயே அங்கே நைட் ஷிப்ட் போன அத்தையோ மாமாவோ இருப்பார், அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் வேறு நாட்டில் தயாரான, பல சிப்புகள் பதித்த சிலிக்கான் வட்டத் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முடியை விட மெல்லிய கம்பியால் இணைத்து, மூடி, ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனால் 13 எதைக் குறிக்கிறது என்று மறக்கவே மறக்காது.

அண்ணனின் பழைய குறிப்பு

2018-க்கு முந்தையதாக இருந்தால் நம் காற்றுக் குறியீட்டில் பி.எம். 2.5 என்ற மிக நுண்ணிய தூசு இருக்காது. தூக்கிப் போடுங்கள்.

நோபல் பரிசு

பரிசு ஆண்டு வேறு, கண்டுபிடித்த ஆண்டு வேறு. கிரிஸ்பர் மரபணுக் கத்தரிக்கு 2020-இல் பரிசு, ஆய்வுக் கட்டுரை வந்தது 2012-இல்.