மேடையில் வரலாற்றை இழுக்கும்போது நடக்கும் தவறுகள்

அரசியல் உரைகளில் வரலாறு பெரும்பாலும் சறுக்குவது காலக்கணக்கில்தான். ‘விலைவாசி எகிறியதால்தான் ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார்’ என்ற எச்சரிக்கையைப் பாருங்கள். அங்கே பணவீக்கம் உச்சம் தொட்டது 1923 நவம்பரில். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஹிட்லர் பதவியேற்றதோ 1933 ஜனவரியில். நடுவே 1928 தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கிய ஓட்டு வெறும் 2.6 சதவீதம். அது 1932 ஜூலையில் 37 சதவீதமானபோது விலைகள் சரிந்துகொண்டிருந்தன, சம்பளங்கள் வெட்டப்பட்டிருந்தன, 50 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லை. சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கத்தின் கசப்பு பின்னாளில் ஹிட்லருக்குக் கைகொடுத்தது என்று வாதிடலாம். அதற்கு மேல் போகக் கூடாது. காரணத்தை மாற்றிப் பிடித்தால் தீர்வும் மாறிவிடும். ‘அரசுச் செலவைக் குறைத்தால் ஆபத்து நீங்கும்’ என்று பேச்சு முடியும். ஹிட்லருக்கு முன் 1930 முதல் 1932 வரை ஜெர்மனியை ஆண்ட புரூனிங் அரசு செய்ததும் அதைத்தானே!

அடுத்தது மியூனிக். எதிரியோடு யார் பேசப் போனாலும், ஹிட்லரைச் சமாதானப்படுத்த பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த 1938 ஒப்பந்தத்தைச் சொல்லி வாயடைப்பது வழக்கமாகிவிட்டது. 1956இல் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கியதும், பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் அவரை இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினிக்கு ஒப்பிட்டார். பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாக நாசர் அறிவித்திருந்தது அந்த ஒப்பீட்டில் அடிபட்டுப் போனது. பிரிட்டன் படை அனுப்பியது. அமெரிக்கா கைவிரித்தது, பவுண்டு ஆட்டம் கண்டது, 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார்.

உரை எழுதுபவர்கள் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு ஒற்றுமைகளை ஒரு பக்கமும் வேற்றுமைகளை மறுபக்கமும் எழுதிப் பார்க்கலாம். யாருக்கு என்ன அதிகாரம் இருந்தது, யார் என்ன கேட்டார்கள், என்ன மாற்றுவழி இருந்தது என்ற மூன்றையும் கட்டாயம் சேருங்கள். வேற்றுமைப் பக்கம் நிரம்பவில்லையென்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

மேற்கோள்களில் நடக்கும் கூத்து தனி. 1835 பிப்ரவரி 2 அன்று, இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், ‘இந்தியாவில் ஒரு பிச்சைக்காரரைக்கூடப் பார்க்கவில்லை’ என்று பேசியதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அப்போது அவர் லண்டனிலேயே இல்லை, இந்தியாவில் இருந்தார். அந்தத் தேதியில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு உண்மையானது, ஆனால் அதில் இந்த வரி கிடையாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சு என்றால், அங்கு பேசியவற்றைத் தொகுக்கும் ஹான்சார்ட் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வரியை அடித்துவிடுங்கள்.