ரகசியம் கசிந்ததும் நிர்வாகங்கள் செய்யும் தவறுகள்

கம்பெனி விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டால் மேலிடத்தில் முதலில் எழும் கேள்வி, 'யார் சொன்னது?' என்பதுதான். எது வெளியே போனது, அதனால் உண்மையில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

கணினி, பிரிண்டர் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான எச்பியின் கதை இதற்கு நல்ல பாடம். 2006 ஜனவரியில் அதன் எதிர்காலத் திட்டங்கள் பற்றி சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் ஒரு செய்தி வந்தது. கம்பெனியைக் கவிழ்க்கும் செய்தி ஒன்றுமில்லை. ஆனால் இயக்குநர் குழுத் தலைவர் பட்ரீசியா டன், ஆளைப் பிடிக்கத் துப்பறிவாளர்களை இறக்கினார். அவர்கள் இயக்குநர்கள், 9 நிருபர்கள் ஆகியோரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து அழைப்பு விவரங்களைக் கறந்தார்கள். ஒரு நிருபருக்குப் பொய்த் தகவலோடு, அது யாருக்குப் போகிறது என்று கண்காணிக்கும் மின்னஞ்சலும் அனுப்பினார்கள்.

ஆள் கிடைத்தார். ஊழியர் அல்ல, இயக்குநர் ஜார்ஜ் கீவர்த்! விசுவாசம் பற்றிய வகுப்பை எப்போதும் கீழ்மட்டத்துக்கு மட்டும் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விசாரணை நடந்த விதத்தை எதிர்த்து இன்னொரு இயக்குநர் டாம் பெர்கின்ஸ் மே மாதம் விலகினார். செப்டம்பரில் எல்லாம் அம்பலமானது. டன் பதவி போயிற்று, தலைமைச் சட்ட அதிகாரியும் வெளியேறினார். டிசம்பரில் கலிபோர்னியா அரசுடன் வழக்கை முடித்துக்கொள்ள எச்பி 1.45 கோடி டாலர் கட்டியது.

சட்டப்படி சிக்கல் இல்லை என்று தனக்கு உறுதி சொல்லப்பட்டதாக டன் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். வக்கீல் தலையாட்டினால் போதும் என்று நம்பியது இரண்டாவது தவறு. இந்த விசாரணையே நாளை செய்தியானால் எப்படி இருக்கும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

மிரட்டல் மெமோ இன்னொன்று. 2017இல் தகவல் கசியவிட்ட 29 பேரைப் பிடித்தோம், அதில் 12 பேர் கைதானார்கள் என்று ஆப்பிள் 2018இல் ஊழியர்களுக்கு எழுதியது. அந்த மெமோவும் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

அப்புறம், எல்லா வாயையும் பூட்டும் ஒப்பந்தம். வியாபார ரகசியத்தைக் காப்பது வேறு, தவறு நடந்தால் அரசிடம் புகார் செய்வதைத் தடுப்பது வேறு. கேபிஆர் என்ற அமெரிக்கப் பொறியியல் நிறுவனம் உள்விசாரணையில் சாட்சி சொல்பவர்களிடம், சட்டப் பிரிவின் அனுமதியின்றி வெளியே பேசினால் வேலை போகலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியது. அதனால் யாரும் தடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இருந்தும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2015இல் 1,30,000 டாலர் அபராதம் போட்டது. அரசு அமைப்புகளிடம் புகார் செய்ய யார் அனுமதியும் தேவையில்லை என்று கேபிஆர் அந்த வாசகத்தை மாற்றி எழுதியது.